அம்மாவின் 80ஆம் பிறந்தநாளுக்குக் கடற்கரை வீடு: யாழ்ப்பாணத்தில் முழுக் குடும்பமும் சேர்ந்து தங்க ஒரு வழிகாட்டி

எங்கள் அம்மாவுக்கு 80 வயது வந்தபோது காரைநகர்ப் பக்கம் கடலோரமாக ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று 14 பேர் மூன்று இரவு தங்கினோம். பிறகு பெரியம்மா குடும்பத்துக்கும் மனைவியின் தாய்க்கும் இதே ஒழுங்கைச் செய்து கொடுத்தேன். முதல்முறை செய்கிறவர்கள் எல்லோரும் கேக், சோடனை, ஒரே நிற உடுப்பு என்றுதான் தொடங்குகிறார்கள். ஆனால் மூன்று முறையும் இழுபட்டது தண்ணீரிலும் கழிப்பறையிலும் காசுக் கணக்கிலும்தான்.

முதல் நாள் மாலை எல்லோரும் கடலுக்கு வெளிக்கிட்டபோது அம்மா விறாந்தையில் இருந்தபடியே, "நீங்கள் போட்டு வாங்கோ பிள்ளையள், நான் இஞ்சை இருக்கிறன்" என்றார். யாருக்காக வந்தோமோ அவர் வீட்டில், நாங்கள் கடலில். வாசலுக்கும் அலைக்கும் இடையில் கால் புதையும் மணல், அதில் அவரால் நடக்க ஏலாது என்பதை வீடு பிடித்த நேரத்தில் நான் யோசிக்கவே இல்லை. அந்த வசனத்தை உங்கள் வீட்டுப் பெரியவர் சொல்ல வேண்டி வராமல் பார்ப்பதற்குத்தான் கீழே உள்ள படிகள். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. முதலில் நாளை முடிவு செய்யுங்கள் (ஆறு மாதம் முன்பு)

நம்மவர்களுக்கு இரண்டு பிறந்தநாள். ஒன்று அடையாள அட்டையில் உள்ள திகதி, மற்றது பிறந்த மாதத்தில் வரும் நட்சத்திரம். இரண்டும் பெரும்பாலும் சில நாள் தள்ளித்தான் வரும். சதாபிஷேகம் செய்கிற எண்ணம் இருந்தால் ஐயரிடம் நாள் கேட்டுவிட்டு மற்றதைப் பேசுங்கள். என் ஆலோசனை, சடங்கை ஊர்க் கோயிலிலோ வீட்டிலோ நட்சத்திரத்தன்று முடித்துவிட்டு, கடற்கரை வீட்டுக்குத் தனியாக ஒரு வார இறுதியை எடுப்பது. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தால் சமையலுக்கும் துடக்குக்கும் விரதத்துக்கும் இடையில் ஒருவரும் ஓய்வாக இருக்க மாட்டார்கள்.

அடுத்தது காற்று. ஐப்பசி முதல் மார்கழி வரை மாரி, யாழ்ப்பாணத்தின் மழையில் பெரும்பங்கு அந்த மூன்று மாதத்தில்தான் கொட்டும். அதோடு வரும் வாடைக்காற்றுக்குக் காங்கேசன்துறை, பருத்தித்துறை என்று வடக்குக் கரை முழுவதும் கடல் கொந்தளிக்கும். வைகாசியில் இருந்து ஆவணி வரை சோளகக்காற்று. மழை இல்லை, ஆனால் மணலை வாரி முகத்தில் அடிக்கும், தீவுகளுக்கான படகுப் பயணமும் ஆட்டம். பெப்ரவரி, மார்ச் இரண்டும்தான் எல்லா வகையிலும் நல்ல மாதங்கள். ஏப்ரலில் கடல் நல்லது, வெயில் பெரியவர்களுக்குக் கடினம்.

ஆனால் கனடாவிலும் லண்டனிலும் பிள்ளைகளுக்கு நீண்ட பள்ளி விடுமுறை ஜூலை, ஓகஸ்டில்தான். அதே காலத்தில்தான் பெரும்பாலும் நல்லூர்த் திருவிழாவும் வரும், கொடியேற்றம் தொடங்கித் தீர்த்தம் வரை 25 நாள். அந்த நாட்களில் வாடகை வீடும் வாகனமும் கிடைப்பது கடினம், பல வீடுகளில் மச்சமும் இல்லை. நண்டும் இறாலும் சாப்பிட ஆசைப்பட்டு வருகிற பேரப்பிள்ளைகளுக்கு 25 நாள் சைவம் என்றால் விளங்காது. கொடியேற்றத் திகதியைப் பார்த்து அதற்கு முன்போ தீர்த்தம் முடிந்த பிறகோ வையுங்கள். ஜூலைத் தொடக்கம் என்றால் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் கிடைக்கும், பிள்ளைகளுக்கு அது ஒன்றே போதும்.

கடைசியாக நாட்காட்டியில் வெள்ளிக்கிழமையையும் போயாவையும் (பௌர்ணமி விடுமுறை) பாருங்கள். வெள்ளியில் சைவம் பிடிக்கிறவர்கள் இருந்தால் பிறந்தநாள் விருந்தைச் சனிக்கு வையுங்கள். போயா அன்று இறைச்சிக்கடையும் மதுக்கடையும் பூட்டு.

2. ஆட்கணக்கும் காசும் (வீடு பார்க்க முன்பே)

"கொஞ்சப் பேர்தான்" என்று தொடங்கி 14 பேர் 22 ஆவது நம் குடும்பங்களில் வழமை. அதனால் இரண்டு பட்டியல் எழுதுங்கள். இரவு தங்குகிறவர்கள் ஒன்று, பிறந்தநாள் அன்று மட்டும் வந்து போகிறவர்கள் மற்றது. வீடு முதல் பட்டியலுக்கு, சாப்பாடும் கதிரையும் இரண்டுக்கும் சேர்த்து. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் வயது, படி ஏற முடியுமா, என்ன சாப்பிட மாட்டார், என்ன மருந்து என்று எழுதுங்கள். இந்த ஒற்றைத் தாள்தான் கடைசி வரைக்கும் உதவும்.

காசை வீடு பிடிக்க முன்பே பேசி முடியுங்கள். வெளிநாட்டில் உள்ள அண்ணா எல்லாம் தருவார் என்று ஊரில் உள்ளவர்கள் நினைப்பார்கள், அண்ணா தன் பங்கை மட்டும் நினைத்திருப்பார். அது அம்மாவின் முன்னால் வெடித்தால் அந்தப் பிறந்தநாள் அவ்வளவுதான். நாங்கள் கண்ட வழி இது: வீட்டு வாடகையும் வாகனமும் வசதிக்கு ஏற்ற பங்கு, சாப்பாடு தலைக்கு இவ்வளவு என்று எல்லோருக்கும் சமம். காசு ஒருவர் கையில் இருக்கட்டும், கணக்கை வேறொருவர் கொப்பியில் எழுதட்டும். ஊரில் இருந்து அலைந்து திரிந்து வேலை செய்கிற தங்கையிடம் காசுப் பங்கு கேட்காதீர்கள். அவளுடைய பங்கு அந்த அலைச்சல்தான், அதை எல்லோர் முன்னாலும் சொல்லியும் விடுங்கள்.

3. கரையைத் தெரிவு செய்து, வீட்டை நேரில் பாருங்கள் (நான்கு மாதம் முன்பு)

சின்னப்பிள்ளைகளும் முதியவர்களும் இருந்தால் காரைநகர்க் கசூரினா பக்கம்தான் என் முதல் தெரிவு. கடல் நெடுந்தூரம் ஆழமில்லாமல் கிடக்கும், அலையும் மெல்லியது. யாழ் நகரில் இருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர், பொன்னாலைப் பாலத்தால் போகலாம். வேலணைச் சாட்டி இன்னும் கிட்ட, பண்ணைப் பாலத்தால் போக வேண்டும். காங்கேசன்துறை, பருத்தித்துறைப் பக்கம் கடைகளும் வைத்தியசாலையும் கிட்ட, ஆனால் பல இடங்களில் முருகைக்கல் (பவளப்பாறை). மணற்காட்டின் மணல்மேடுகள் கண்கொள்ளாக் காட்சிதான், எனினும் அது திறந்த கடல், அலையும் இழுவையும் பலம். பார்த்துவிட்டு வாருங்கள், பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள்.

படம் பார்த்து வீடு எடுக்காதீர்கள். எங்களுக்கு ஒரு வீட்டுக்காரர் நான்கு அறை என்று சொல்லி முற்பணம் வாங்கினார். போய்ப் பார்த்தால் நான்காவது அறையில் பழைய கட்டில்களும் சிமெந்துப் பைகளும் அடுக்கிக் கிடந்தன. ஊரில் உள்ள ஒருவர் அளவுநாடாவோடு போகட்டும். போனதும் கடலைப் பார்க்கப் போகாமல் இந்த வரிசையில் பார்க்கட்டும்:

கழிப்பறை. பெரியவர் படுக்கப்போகும் அறையில் இருந்து எத்தனை அடி, நடுவில் படி உண்டா, கொமட் இருக்கிறதா, பிடித்து எழும்ப ஏதும் உண்டா, கதவு எத்தனை அகலம். சக்கரநாற்காலி என்றால் இரண்டரை அடிக் கதவாவது வேண்டும். நிலம் மினுங்கும் மாபிள் என்றால் றப்பர் பாய் இரண்டு வாங்க வேண்டும் என்று அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். 14 பேருக்கு மூன்று கழிப்பறைக்குக் குறைந்தால் அந்த வீடு வேண்டாம். காலை ஏழு மணிக்கு நடக்கும் வரிசையில் பெரியவர்கள் அடக்கிக்கொண்டு இருப்பார்கள், சொல்ல மாட்டார்கள்.

படிகள். கேற்றில் இருந்து கட்டில் வரை எண்ணுங்கள். இரண்டுக்கு மேல் என்றால் கைபிடியோ சாய்தளமோ வேண்டும்.

வாசலில் இருந்து கடல் வரை உள்ள நிலம். இறுகிய மணலா, கால் புதைகிறதா, வாகனம் எதுவரை வரும்.

இவை மூன்றும் சரிவந்தால் மட்டும் அறை, குசினி, விறாந்தை எல்லாம் பாருங்கள். 14 பேர் ஒன்றாக இருந்து சாப்பிட இடம் வேண்டும், ஆகவே பெரிய விறாந்தை உள்ள வீட்டுக்கு அழகான அறைகளை விட்டுக்கொடுக்கலாம்.

முற்பணம் கொடுக்கும்போது திகதி, அறை எண்ணிக்கை, எந்த அறைகள், எத்தனை மெத்தை, எத்தனை மணிக்குத் திறப்பு, திரும்பக் கொடுக்கும் காசு எவ்வளவு என்று வட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, "ஓம்" என்று பதில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு காணாது.

4. தண்ணீரும் கரண்டும்

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது, நிலத்தடி நீர்தான். கடற்கரையிலும் தீவுகளிலும் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் உவர். வீடு பார்க்கப் போகிறவர் குழாய்த் தண்ணீரை வாயில் விட்டுப் பார்க்க வேண்டும், சவர்க்காரம் நுரைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

குடிக்கவும் சமைக்கவும் வேறாக வாங்குங்கள். ஆளுக்கு நாளுக்கு மூன்று லீற்றர் குடிநீர் என்று வைத்தால் 14 பேருக்கு மூன்று நாளைக்கு 126 லீற்றர், 19 லீற்றர்க் கான் ஏழு. சமையலுக்கும் தேத்தண்ணிக்கும் இன்னும் நான்கு. எங்கள் ஆட்கள் குடிநீரை மட்டும் கணக்குப் பார்த்து இரண்டாம் நாள் மதியமே கடைக்கு ஓடினார்கள்.

குளிக்கும் தண்ணீரில்தான் பெரிய பிழை. கூரையில் உள்ள தாங்கி 1000 லீற்றர் என்றால் பெரிதாகத் தெரியும். கடலில் குளித்த 14 பேரும் உப்புப் போகக் குளித்தால் ஒரு நேரத்திலேயே காலி. முற்றத்தில் ஒரு பீப்பாயும் வாளியும் வைத்து, கடலால் வருகிறவர்கள் அங்கேயே மணலைக் கழுவிவிட்டு உள்ளே போகட்டும். நாளுக்கு இரண்டு தரம் மோட்டர் போடுவது ஒருவருடைய பொறுப்பு, அவருடைய பெயரையும் சொல்லி வையுங்கள். கரண்ட் போனால் மோட்டரும் நிற்கும், எனவே தாங்கி நிரம்பி இருக்கும்போதே இரண்டு பெரிய வாளி நிரப்பி வையுங்கள். கழிப்பறை ஒவ்வொன்றிலும் சிறிய சார்ஜ் லைற் ஒன்று. நுளம்புவலை பெரியவர் கட்டிலுக்கும் குழந்தை கட்டிலுக்கும் கட்டாயம்.

5. யார் எங்கே படுப்பது

வந்து இறங்கிய பிறகு அறை பிரித்தால் மனக்கசப்பு நிச்சயம். ஒரு வாரம் முன்பே எழுதி அனுப்பிவிடுங்கள். பெரியவருக்குக் கீழ்மாடி, கழிப்பறைக்குக் கிட்டிய அறை. அதே அறையில் இரவில் எழும்பி உதவக்கூடிய ஒருவர். கைக்குழந்தை உள்ளவர்கள் அதற்கு அடுத்த அறையில் வேண்டாம், இரண்டு பக்கமும் நித்திரை கெடும். நடுத்தர வயதுப் பிள்ளைகளும் இளசுகளும் விறாந்தையில் பாய் விரித்துப் படுக்கலாம். அவர்கள் பிறகு நெடுநாள் பேசுவது அந்த இரவைப் பற்றித்தான்.

6. வந்து சேர்வது

கொழும்பில் இருந்து தரைவழியாக 400 கிலோமீற்றருக்குக் கிட்ட. 80 வயதுக்காரர் ஊரில் இருப்பவர் என்றால் பிரச்சினை இல்லை. கொழும்பில் இருந்து வருகிறார் என்றால் ரயில்தான் நல்லது, எழும்பி நடக்கலாம், கழிப்பறையும் உண்டு. விடுமுறை நாட்களில் இருக்கை கெதியில் முடிந்துவிடும். வந்து இறங்கும் நாளில் எந்த நிகழ்ச்சியும் வேண்டாம். தேத்தண்ணி, குளிப்பு, இடியப்பமும் சொதியும், நித்திரை. பிறந்தநாள் இரண்டாம் நாள். முதல் நாளே வைத்த குடும்பத்தில் கேக் வெட்டும்போது பாதிப்பேர் களைப்பில் சிடுசிடுத்தார்கள்.

வீட்டில் எந்நேரமும் ஒரு வாகனம் நிற்க வேண்டும். எல்லா வாகனமும் நயினாதீவு பார்க்கக் குறிகட்டுவான் படகுத்துறைக்குப் போய்விட்டால், வீட்டில் இருப்பவருக்கு அவசரம் வந்தால் என்ன செய்வது?

7. குசினி

மூன்று நாளும் வீட்டுப் பெண்களே சமைத்தால் அது அவர்களுக்கு விடுமுறை ஆகாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. காலையும் மதியமும் ஊரில் ஒருவரிடம் சொல்லிச் சமைத்து எடுங்கள், பின்னேரச் சிற்றுண்டியும் ஒரே ஒரு விசேட சமையலும் வீட்டில். அந்த ஒன்று ஒடியல் கூழாக இருக்கட்டும், பெரியவர் இருந்த இடத்தில் இருந்தே நடத்தக்கூடிய சமையல் அது.

கூழுக்கும் வரிசை முக்கியம். ஒடியல் மாவை (காயவைத்த பனங்கிழங்கின் மா) முன்கூட்டியே தண்ணீரில் ஊறவிட்டு மேலே தெளியும் தண்ணீரை ஊற்றிவிடுங்கள், கைப்பு அதோடு போகும். அவசரப்பட்டு நேரே கரைத்தால் பிள்ளைகள் ஒரு வாயோடு வைத்துவிடுவார்கள். பலாக்கொட்டையும் ஒரு பிடி அரிசியும் முதலில், அவை அவிய நேரம் எடுக்கும். பிறகு மரவள்ளியும் பயற்றங்காயும், அப்புறம் மீன், நண்டு, இறால். அரைத்த செத்தல்மிளகாயும் புளியும் மாக்கரைசலும் கடைசியில். மா முந்திப் போனால் அடிப்பிடிக்கும். எங்கள் அம்மா கதிரையில் இருந்தபடி அகப்பையை வாங்கி, கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் புளி" என்றார். ரொறன்ரோவில் பிறந்த பேத்தி ஓடிப்போய்ப் புளிக்கரைசலோடு வந்து நின்றாள்.

யாருக்கும் நண்டு, இறால் ஒத்துக்கொள்ளாதா என்று ஆட்கணக்கு எழுதிய அந்தத் தாளைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பு மூட்ட வேண்டும். மீனுக்குப் பாசையூரோ குருநகரோ காலையிலேயே போங்கள், ரெஜிபோம் பெட்டியும் ஐஸும் கொண்டுபோங்கள். காஸ் சிலிண்டர் 12.5 கிலோ, வீட்டில் உள்ளதைத் தூக்கிப் பாருங்கள், பாரம் இல்லை என்றால் வேறொன்று.

8. மருந்து

பெரியவரின் மருந்து ஐந்து நாளைக்கு, கைப்பையில், மருத்துவர் எழுதிய துண்டின் படத்தோடு. பயணப்பெட்டிக்குள் வேண்டாம். இன்சுலின் என்றால் கரண்ட் போனாலும் குளிராக இருக்க ஐஸ்பெட்டி ஒன்று தனியே வேண்டும், ஆனால் மருந்து ஐஸில் நேரே படக்கூடாது, உறைந்தால் பாவிக்கக்கூடாது.

இலவச அம்புலன்ஸ் சேவை 1990. அந்த எண்ணோடு வீட்டு விலாசமும், "இந்தச் சந்தியில் திரும்ப வேண்டும்" என்ற வழியும் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். வெளிநாட்டில் இருந்து வந்தவர் பதற்றத்தில் தொலைபேசி எடுத்தால் இடம் சொல்லத் தெரியாது. பெரிய பிரச்சினைக்கு யாழ் போதனா வைத்தியசாலை. அதைவிடக் கிட்டிய ஆதார வைத்தியசாலைகள் ஊர்காவற்றுறை, தெல்லிப்பழை, மந்திகை என்று கரைக்கு ஏற்றபடி உண்டு. போகும் வழியை முதல் நாளே ஓடிப் பாருங்கள்.

9. பெரியவரைக் கடலுக்குக் கொண்டுபோவது

இதற்கு ஒருநாள் வேலை இருக்கிறது, அதனால் முன்பே தயார் செய்யுங்கள். சக்கரநாற்காலி காய்ந்த மணலில் ஓடாது, முன்சில்லு புதைந்து ஆளை முன்னால் தள்ளும். மூன்றடி அகலத்தில் பிளைவூட் பலகை நான்கு வாங்கி, விரித்து விரித்து முன்னே போடுங்கள். கடந்த பலகையைப் பின்னால் நிற்கிறவர் எடுத்து முன்னால் கொடுக்க வேண்டும். ஈர மணலுக்கு வந்துவிட்டால் பலரால் இரண்டு பேரின் கையைப் பிடித்து நடக்க முடியும்.

அங்கே கைபிடி உள்ள பிளாஸ்டிக் கதிரை ஒன்று. சும்மா வைத்தால் ஆள் இருந்ததும் ஒரு கால் புதைந்து சரியும். ஒரு பலகையை மணலில் அழுத்திப் பதித்து, அதன்மேல் கதிரையை வைத்து, பின்னால் ஒருவர் நிற்க வேண்டும். மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு அம்மாவை அப்படி இருத்தினோம். கணுக்கால் அளவு தண்ணீர், சேலைக் கரையைப் பேரன் தூக்கிப் பிடித்திருந்தான். அவர் ஒன்றும் சொல்லவில்லை, பெருவிரலால் மணலைக் கிளறிக்கொண்டே இருந்தார். முக்கால் மணித்தியாலம் கழித்து எழும்புவோமா என்று கேட்டோம், வேண்டாம் என்றார்.

நேரம் காலை எட்டரைக்கு முன், அல்லது பின்னேரம் ஐந்துக்குப் பின். பிள்ளைகளுக்கு றப்பர்ச் செருப்பு, முருகைக்கல் கிழிக்கும். சொறிமுட்டை (ஜெல்லிமீன்) கரையில் ஒதுங்கிக் கிடந்தால் அன்று குளிப்பு வேண்டாம். பிள்ளைகள் தண்ணீரில் நிற்கும்வரை ஒரு பெரியவர் கையில் தொலைபேசி இல்லாமல் கரையில் நிற்க வேண்டும், அரை மணிக்கு ஒருதரம் ஆள் மாறலாம். எல்லோரும் பார்க்கிறோம் என்றால் ஒருவரும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். குடித்தவர் கடலில் இறங்கக்கூடாது, மச்சான் என்றாலும் மாமா என்றாலும்.

10. பிறந்தநாள் அன்று

காலையில் கிட்டிய கோயில், வந்து நிறைகுடம் வைத்து ஆலாத்தி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பெரியவருக்கு இரண்டு மணித்தியாலம் நித்திரை, அந்நேரம் வீட்டில் பாட்டு வேண்டாம், சோடனையைச் சத்தமில்லாமல் செய்யுங்கள்.

கேக் வெட்டுவது பின்னேரம் நாலரைக்கு, விறாந்தையில். கடற்கரையில் மேசை போட்டு வெட்டப் பலரும் ஆசைப்படுகிறார்கள். மெழுகுதிரி நிற்காது, ஐசிங்கில் மணல் ஒட்டும். பட்டர் ஐசிங் நம்மூர் வெயிலில் அரை மணிக்குள் சரியும், ஆகவே வெட்டும்வரை குளிர்சாதனப் பெட்டியிலேயே இருக்கட்டும். அதற்கு இடம் உண்டா என்று முதல் நாளே பார்த்து, மீனைப் பெட்டிக்கு மாற்றுங்கள்.

கேக் முடிந்து ஐந்தரைக்குக் குடும்பப் படம். ஓகஸ்டில் ஆறரை அளவில் சூரியன் மறைந்துவிடும், ஆள் சேர்க்கவே அரை மணி போகும். முதலில் முழுக் குடும்பம், பிறகு பெரியவரும் பேரப்பிள்ளைகளும். அவரை எழுப்பி இருத்தி அலைக்காமல் அவர் கதிரையில் இருக்க மற்றவர்கள் மாறி மாறி வந்து நிற்கட்டும். ட்ரோன் பறக்கவிட அனுமதி வேண்டும், சும்மா கொண்டுவந்து ஏற்றாதீர்கள். இரவு எட்டுக்குள் அவர் சாப்பிட்டுப் படுக்க வசதி செய்துவிட்டு, மற்றவர்கள் முற்றத்தில் எவ்வளவு நேரமும் இருக்கலாம்.

11. வெளிக்கிடும் நாள்

மெத்தை உதறுவதும் பெட்டி கட்டுவதும் தொடங்கினால் பெரியவர் நடுவில் கதிரையில் தனியே இருப்பார், எல்லோரும் அவரைத் தாண்டித் தாண்டி ஓடுவார்கள். அதனால் அவர் ஏறும் வாகனம் முதலில் போகட்டும், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு உடனே, மருந்துப் பையும் தண்ணீர்ப் போத்தலும் அவருக்குப் பக்கத்தில். மூன்று பேர் பின்னால் நின்று ஒவ்வொரு கட்டிலுக்குக் கீழேயும் பார்த்து, வீட்டுக்காரரோடு அறை அறையாக நடந்து, கட்டிக் கொடுத்த காசைத் திரும்ப வாங்கிக்கொண்டு திறப்பைக் கொடுக்கலாம். பிளைவூட் பலகை நான்கையும் மறக்காமல் ஏற்றுங்கள். எங்களுடையவை இப்போது பெரியம்மா வீட்டில் நிற்கின்றன, அடுத்த ஆள் கேட்டால் அங்கே இருந்து கொடுத்துவிடுவோம்.